மைன்கிராஃப்ட் சர்வருக்குள் நுழைய முடியவில்லையா? போர்ட் திறப்பதா, தனி வலையா, வாடகையா

வீட்டுக் கணினியில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. கோலாலம்பூர் செந்தூலில் அதே வீட்டில் இருப்பவர்கள் எந்தத் தடையும் இல்லாமல் நுழைந்துவிடுகிறார்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா மகனும் கிள்ளானில் இருக்கும் சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளும் மட்டும் வெளியே நிற்கிறார்கள். பள்ளி விடுமுறை விட்டால் போதும், எங்கள் குடும்பத்தில் இந்தப் பஞ்சாயத்து தொடங்கிவிடும். அதில் வரும் தீர்ப்புகளும் எப்போதும் அதேதான். ஒருவர் போர்ட்டைத் திற என்பார், அதாவது வெளியிலிருந்து வருபவர்கள் சர்வரை எட்டும் எண்ணிட்ட வாசலை. இன்னொருவர் ஹமாச்சி போடு என்பார், எல்லாக் கணினிகளையும் ஒரே தனி வலையில் சேர்க்கும் நிரல் அது. கையில் காசு புழங்கும் அண்ணன், சிங்கப்பூரில் ஒரு சர்வர் வாடகைக்கு எடுத்துவிட்டால் தீர்ந்தது என்பார்.

மூன்றும் சரியான யோசனைதான். ஆனால் எந்த வீட்டுக்கு எது என்று பார்க்காமல் ஆரம்பித்தால் விடுமுறை முடிந்துவிடும், விளையாட்டு ஆரம்பித்திருக்காது. தேர்ந்தெடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் தெரிந்தாக வேண்டும்: திரையில் வரும் பிழை என்ன சொல்கிறது, உங்கள் இணைய இணைப்புக்குச் சொந்தமாகப் பொது முகவரி, அதாவது வெளியிலிருந்து நேராக எட்டக்கூடிய ஐபி எண், இருக்கிறதா. இது தெரிந்தால் பாதி வழிகள் தாமாகவே கழன்றுவிடும்.

நான் எடுத்துக்கொள்வது மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பு. அதன் போர்ட் 25565. டெர்ரேரியா என்றால் 7777, வால்ஹைம் என்றால் 2456, பால்வேர்ல்ட் என்றால் 8211. மைன்கிராஃப்டும் டெர்ரேரியாவும் டிசிபி, மற்ற இரண்டும் யுடிபி; தரவு அனுப்பும் இரு வகைகள் இவை. எண்ணும் வகையும் மாறும், யோசிக்கும் முறை மாறாது.

பிழையை முழுசாக வாசிக்கச் சொல்லுங்கள்

"மாமா, உள்ள போக மாட்டுது."

"என்ன வருது?"

"எரர் வருது."

"என்ன எரர்னு முழுசா வாசிப்பா."

"கனெக்‌ஷன் டைம்ட் அவுட், நோ ஃபர்தர் இன்ஃபர்மேஷன்."

"சரி. அப்ப உன் கேம்ல ஒன்னும் கெட்டுப் போகல. அழிச்சுப் போட்டுத் திரும்ப ஏத்தாத."

விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவதுதான் பிள்ளைகள் முதலில் செய்யும் காரியம். டைம்ட் அவுட் என்றால் அனுப்பிய செய்திக்கு எந்தப் பதிலும் வரவில்லை. வழியில் எங்கோ அது காணாமல் போய்விட்டது. விண்டோஸ் ஃபயர்வால் சத்தமில்லாமல் விழுங்கியிருக்கலாம், ரவுட்டருக்கு இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் போட்டுவிட்டிருக்கலாம், கொடுத்த ஐபி முகவரி நேற்றையதாக இருக்கலாம், அல்லது சர்வர் ஓடும் கணினி தூங்கப் போயிருக்கலாம். விளையாடப் போகிறவர் கையில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. சர்வர் நடத்துபவர் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்றால் கதை வேறு. ஏதோ ஒரு கருவி பதில் சொல்லியிருக்கிறது, இந்தப் போர்ட்டில் இங்கே யாரும் இல்லை என்று. சர்வர் இன்னும் முழுதாக ஏறவில்லை, அல்லது போர்ட் எண் தவறு, அல்லது பதில் சொன்னது ரவுட்டரே. சொந்த உலகத்தைத் திறந்து 'ஓப்பன் டு லேன்' அழுத்துபவர்களுக்கு இது அடிக்கடி வரும். நாமே ஓர் எண் குறிப்பிடாவிட்டால், அது ஒவ்வொரு முறையும் வேறொரு போர்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். நேற்று வேலை செய்த எண் இன்று செல்லாது.

அன்நோன் ஹோஸ்ட் வந்தால் பெயரில் எழுத்துப்பிழை தேடுங்கள். 'அவுட்டேட்டட்' என்றோ 'இன்கம்பாட்டிபிள்' என்றோ வந்தால் பதிப்பு பொருந்தவில்லை. வைட்லிஸ்டில் (அனுமதிக்கப்பட்டவர்கள் பட்டியலில்) இல்லை என்று வந்தால், சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், பெயரைச் சேர்க்கச் சொல்ல வேண்டியதுதான். இன்வாலிட் செஷன் என்றால் விளையாட்டையும் லாஞ்சரையும் மூடித் திறந்தால் பெரும்பாலும் சரியாகும். இவை எதற்கும் போர்ட்டோடு சம்பந்தமில்லை. இதற்காக ரவுட்டரைத் தொட்டவர்கள் நிறைய பேர்.

அடுத்து எந்த இடத்தில் அறுகிறது என்று பார்க்க வேண்டும். சர்வர் ஓடும் அதே கணினியில் விளையாட்டைத் திறந்து 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அடியுங்கள். அதுவே போகவில்லை என்றால் சர்வரே ஓடவில்லை. கருப்புத் திரையில் 'ஃபெய்ல்ட் டு பைண்ட் டு போர்ட்' என்ற வரி இருந்தால், அநேகமாக முந்தைய சர்வர் மூடப்படாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது, அல்லது சர்வர் அமைப்புக் கோப்பில் ஐபி இடத்தில் யாரோ எதையோ எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும்.

லோக்கல்ஹோஸ்ட் போகிறது, வீட்டிலேயே இன்னொரு மடிக்கணினி 192.168 என்று தொடங்கும் முகவரியில் போகவில்லை என்றால், குற்றவாளி ஃபயர்வால். ஜாவா முதன்முதலில் ஓடும்போது விண்டோஸ் ஒரு பெட்டி காட்டி அனுமதி கேட்கும். அவசரத்தில் யாராவது 'கேன்சல்' அழுத்தியிருப்பார்கள். ஃபயர்வால் அமைப்பில் போய் அந்த ஜாவாவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலையே அணைத்துப் போடு என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஒரு விளையாட்டுக்காக வீட்டுக் கதவையே கழற்ற வேண்டியதில்லை.

வீட்டுக்குள் எல்லாம் சரி, வெளியிலிருந்து மட்டும் வர முடியவில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டால்தான் போர்ட்டா, தனி வலையா, வாடகையா என்ற கேள்வியே எழுகிறது. இதைச் சோதிக்கும்போது வீட்டு வைஃபையில் இருந்தபடியே வீட்டின் பொது முகவரியை அடிக்காதீர்கள். பல ரவுட்டர்கள் உள்ளிருந்து கிளம்பி வெளியே போய் மறுபடி உள்ளே திரும்புவதை அனுமதிப்பதில்லை. எல்லாம் சரியாக இருந்தும் தோல்வி என்று காட்டும். மடிக்கணினியைக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் போட்டுச் சோதியுங்கள்.

உங்கள் முகவரி உங்களுடையதுதானா

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று ஒரு முகவரி, பக்கத்தில் பயனர் பெயர், கடவுச்சொல். பிரௌசரில் அதை அடித்து உள்ளே போய் 'ஸ்டேட்டஸ்' பக்கத்தைத் திறங்கள். இணையப் பக்கத்துக்கு வாங்கியிருக்கும் ஐபி அங்கே இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொண்டு, 'என் ஐபி என்ன' என்று காட்டும் தளம் ஏதாவது ஒன்றைத் திறந்து ஒப்பிடுங்கள்.

இரண்டும் ஒரே எண் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பொது முகவரி உங்கள் கையில் இருக்கிறது.

ரவுட்டரில் உள்ள எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், அதாவது பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் ஏற்பாட்டில். நான்காம் பதிப்பு ஐபி முகவரிகள் மொத்தமே ஏறக்குறைய 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும் ஏப்னிக், 2011 ஏப்ரலிலேயே தன் கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2012-இல், இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரியின் பின்னால் வைப்பதற்கென்றே இந்த 100.64 தொகுப்பை ஒதுக்கினார்கள். கொண்டோவுக்கு ஒரே தெரு முகவரி, வாசலில் காவலர், ஆனால் எந்தப் பொட்டலம் எந்த வீட்டுக்கு என்ற பட்டியல் அவரிடம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளியே போய்வரலாம். வெளியிலிருந்து உங்களைத் தேடி வருபவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். உங்கள் வீட்டு ரவுட்டரில் தலைகீழாக நின்று போர்ட் திறந்தாலும், அந்த வாசலில் திறக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை.

ரவுட்டரில் உள்ள எண் 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சிக்கல் வீட்டுக்குள்ளேயே. நிறுவனம் கொடுத்த பெட்டி ஒன்று, அதன் பின்னால் நீங்கள் வாங்கி மாட்டிய மெஷ் வைஃபை பெட்டி இன்னொன்று. இரண்டும் ரவுட்டராக வேலை செய்கின்றன. மெஷ்ஷை 'ஆக்சஸ் பாயிண்ட்' நிலைக்கு மாற்றினால் தீர்ந்துவிடும். 10 என்று தொடங்கினால் சிஜிநாட்டாகவும் இருக்கலாம், இப்படி வீட்டுக்குள் இரண்டு ரவுட்டராகவும் இருக்கலாம்.

கைப்பேசி டேட்டாவிலும், சிம் போட்டு ஓடும் 4ஜி, 5ஜி வீட்டுப் பெட்டிகளிலும் சிஜிநாட்டையே எதிர்பாருங்கள். வாடகை வீடுகளிலும் அறைகளிலும் ஃபைபர் ஒப்பந்தம் போட முடியாமல் இந்தப் பெட்டியை வாங்கி வைப்பவர்கள் கோலாலம்பூரில் நிறைய. விளையாட அது போதும். சர்வர் நடத்த அந்தப் பெட்டியை நம்பி இறங்காதீர்கள்.

போர்ட் திறப்பது

பொது முகவரி இருக்கும் வீட்டுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. காசு இல்லை, நடுவில் யாரும் இல்லை, பட்டர்வொர்த்துக்கும் செந்தூலுக்கும் நேர் வழி. ரவுட்டரில் 25565 டிசிபியை சர்வர் கணினிக்குத் திருப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். கூடவே வீட்டுக்குள் அந்தக் கணினிக்கு இருக்கும் 192.168 முகவரியை ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவையுங்கள். இல்லையென்றால் மின்சாரம் போய்வந்த பிறகு கணினிக்கு வேறு எண் கிடைக்கும், திருப்பிவிட்ட போர்ட் வீட்டு டிவிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பொது முகவரியும் நிலையானதல்ல. ரவுட்டரை அணைத்துப் போட்டால் மாறலாம். அதற்கு டிடிஎன்எஸ் என்று ஒரு சேவை இருக்கிறது. மாறும் எண்ணுக்குப் பதில் மாறாத ஒரு பெயர் கிடைக்கும். பல ரவுட்டர்களிலேயே இதற்கான பக்கம் உண்டு.

இதில் எனக்குப் பிடிக்காத ஒன்று, வீட்டின் பொது முகவரி வெளியே தெரிவது. 25565 திறந்திருக்கும் முகவரிகளைத் தேடி இணையம் முழுக்க அலசும் நிரல்கள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாருக்கும் சொல்லாவிட்டாலும் உங்கள் சர்வர் கண்ணில் பட்டுவிடும். அதனால் வைட்லிஸ்ட் கட்டாயம். வருபவரின் கணக்கு உண்மையானதா என்று சரிபார்க்கும் 'ஆன்லைன் மோட்' என்ற அமைப்பை அணைக்கவே கூடாது. காசு கொடுத்து வாங்காத பிரதியில் விளையாடும் நண்பனுக்காக அதை அணைப்பவர்கள் உண்டு. அணைத்துவிட்டால் யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் வரலாம், சர்வர் நிர்வாகி பெயரிலும்கூட. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, விளையாட்டுக்குள் அரட்டையில் ஒரு வரி அடித்தே சர்வர் கணினியைக் கைப்பற்ற முடியும் என்ற நிலை இருந்தது. 1.18.1 பதிப்பு அதை அடைத்தது. மோடுகளுக்காக (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்கள்) இன்னும் 1.12.2 போன்ற பழைய பதிப்பில் சர்வர் நடத்துபவர்கள், அதற்கென்று வெளியிட்ட திருத்தத்தைப் போடாமல் போர்ட்டைத் திறக்கக் கூடாது.

இன்னொரு வழியைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. சர்வர் உங்கள் வீட்டில்தான் ஓட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குடும்பத்தில் நான்கு வீடு இருந்தால் நான்கிலும் அந்த ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டிலாவது பொது முகவரி இருந்தால் சர்வரை அங்கே மாற்றிவிடலாம். ஆனால் அந்த வீட்டு மின்கட்டணத்தையும் நினைக்க வேண்டும். 100 வாட் இழுக்கும் கணினி இரவும் பகலும் ஓடினால் மாதம் 72 யூனிட். விளையாடும் நேரத்துக்கு மட்டும் ஓடவிட்டால் போதும் என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது உறவுக்கு நல்லது.

இடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பருவமழைகளுக்கு இடைப்பட்ட ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் கோலாலம்பூரில் மாலையானால் இடி இறங்கும், ஈஎல்சிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் விழும், சர்வர் உலகத்தை எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போகும். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். பழைய மடிக்கணினியில் ஓட்டினால் அதன் பேட்டரியே அந்த வேலையைச் செய்யும்.

நிறுவனத்திடம் கேட்பது

சிஜிநாட்டில் இருந்தால், இணைய நிறுவனத்தை அழைத்துப் பொது முகவரி கேட்கலாம். நாங்கள் அழைத்தபோது முதலில் பேசியவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார், அடுத்தவர் அதிக வேகத் திட்டத்துக்கு மாறச் சொன்னார். வேகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 100 எம்பிபிஎஸ்ஸில் சிஜிநாட் இருந்தால் அதிக வேகத்துக்கு மாறினாலும் அது அப்படியே கூட வரலாம். இப்படிக் கேளுங்கள்: சிஜிநாட்டிலிருந்து எடுத்துவிட்டு டைனமிக் பப்ளிக் ஐபி கொடுங்கள், ஸ்டேட்டிக் ஐபி வேண்டாம். ஸ்டேட்டிக் என்று சொன்னால் வணிகத் திட்டத்தின் விலைப்பட்டியலை எடுத்து நீட்டுவார்கள். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் சண்டை போட்டு நேரம் வீணாக்காதீர்கள், அடுத்த வழி இதைவிடச் சுலபம்.

தனி வலை

என் ஓட்டு இதற்குத்தான். டெயில்ஸ்கேல், ஸீரோடியர், ராட்மின், ஹமாச்சி எல்லாம் இந்த வகை. ஒவ்வொருவர் கணினியிலும் ஒரு சின்ன நிரலை நிறுவினால், பட்டர்வொர்த், கிள்ளான், செந்தூல் கணினிகள் எல்லாம் ஒரே வீட்டில் இருப்பதாக விளையாட்டு நினைத்துக்கொள்ளும். போர்ட் திறக்க வேண்டாம், சிஜிநாட் இருந்தாலும் கவலை இல்லை. இரண்டு பக்கமும் உள்ளிருந்து வெளியே பேசத் தொடங்குவதால் வழி தானாகத் திறந்துகொள்கிறது. வெளியாட்களின் அலசலில் சர்வர் படவும் படாது. வைட்லிஸ்ட் போட மறந்த வீட்டுக்கும் இது ஓரளவு காவல்.

நான்கில் எது? ஹமாச்சியின் பெயர் எல்லோருக்கும் தெரியும், சைபர் கஃபே காலத்திலிருந்தே இருக்கிறது. ஆனால் இலவசத்தில் ஒரு வலைக்கு 5 கணினிதான். எங்கள் சித்தப்பா வீட்டிலேயே அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். ராட்மின் இலவசம், ஆனால் விண்டோஸில் மட்டுமே ஓடும். மேக் வைத்திருக்கும் ஒருவர் இருந்தாலும் போச்சு. ஸீரோடியர் வீட்டு வலையைப் போலவே நடந்துகொள்வதால், 'ஓப்பன் டு லேன்' போட்ட உலகங்கள் பட்டியலில் தாமாகத் தெரிய வாய்ப்பிருக்கிறது. டெயில்ஸ்கேலில் அப்படித் தெரியாது, முகவரியைக் கையால் அடிக்க வேண்டும். ஆனாலும் நான் டெயில்ஸ்கேலைத்தான் பரிந்துரைப்பேன். வயர்கார்ட் என்ற பாதுகாப்பான இணைப்பு முறையின் அடித்தளத்தில் ஓடுகிறது, விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எல்லாவற்றிலும் உண்டு, சர்வர் கணினியை மட்டும் மற்றவரோடு பகிரும் வசதியும் இருக்கிறது. நேர் வழி அமையாவிட்டால் தன் இடைநிலையம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கொஞ்சம் மெதுவாகும், அறுந்துபோகாது.

ஒரு குழப்பத்தைச் சொல்லிவிடுகிறேன். டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும், அதே 100.64 தொகுப்பிலிருந்து. அதைப் பார்த்து உங்கள் லைன் சிஜிநாட்டில் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சிஜிநாட்டைப் பார்க்க வேண்டிய இடம் ரவுட்டரின் பக்கம்.

பினாங்கில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பெரியம்மா மகளுக்கு வேறு சிக்கல். நிறுவன வலைகளில் வழக்கமான இணையப் போர்ட்களைத் தவிர மற்றவற்றை அடைத்துவிடுவது உண்டு. அதே மடிக்கணினியில் விடுதி வைஃபையில் டைம்ட் அவுட், கைப்பேசி டேட்டாவில் சரி என்றால் காரணம் அதுதான். டெயில்ஸ்கேலின் இடைநிலையம் சாதாரண இணையதளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட் வழியாகவும் போகும் என்பதால் பல இடங்களில் அது வேலை செய்யும். விடுதி விதி தடுத்திருந்தால் கைப்பேசி டேட்டாவே மேல். விளையாட்டு ஓடத் தேவைப்படும் டேட்டா குறைவு, அதை ஏற்றும்போது பதிவிறக்குவதுதான் அதிகம்.

தனி வலையின் குறை இரண்டு. ஒவ்வொருவரும் நிறுவ வேண்டும். பத்து வயதுப் பிள்ளையை ஃபோனில் வழிநடத்தி நிறுவவைப்பது பொறுமைக்குச் சோதனை. இரண்டாவது, ஒரே வலைக்குள் வந்தவர் உங்கள் கணினியில் பகிர்ந்து வைத்திருக்கும் ஃபோல்டர்களையும் எட்டலாம். குடும்பத்துக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தம்பியின் பள்ளி நண்பனின் நண்பனுக்கெல்லாம் திறக்க வேண்டாம்.

டனல்

அந்த நண்பனின் நண்பனுக்குத்தான் டனல். பிளேயிட் போன்ற சேவைகளில் சர்வர் கணினியில் மட்டும் நிரலை நிறுவினால் போதும். ஒரு பெயர் கொடுப்பார்கள், விளையாட வருபவர்கள் அதை அடித்து உள்ளே வருவார்கள். அவர்கள் எதையும் நிறுவ வேண்டாம், உங்கள் வீட்டின் பொது முகவரியும் அவர்களுக்குத் தெரியாது. சிஜிநாட்டும் தடையில்லை.

விலை தூரத்தில் இருக்கிறது. ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். டனலின் இடைநிலையம் சிங்கப்பூரில் இருந்தால் கூடுதல் பயணம் பெரிதாகத் தெரியாது. அது ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தால்? பட்டர்வொர்த்தில் அழுத்திய பொத்தான் 10,000 கிலோமீட்டர் போய், இன்னொரு 10,000 கிலோமீட்டர் செந்தூலுக்குத் திரும்பி, பதிலும் அதே வழியில் போக வேண்டும். மொத்தம் 40,000 கிலோமீட்டர், குறைந்தது 200 மில்லி செகண்ட். வீடு கட்டி விளையாட அது பரவாயில்லை, சண்டை போட ஆகாது. நிறுவிய பிறகு சர்வர் பட்டியலில் பிங் (செய்தி போய்வரும் நேரம்) காட்டும் கம்பிகளின் மேல் சுட்டியை வைத்து எண்ணைப் பாருங்கள். நூறுக்கு மேல் ஓடினால் வேறு இடைநிலையம் தேர்ந்தெடுக்க முடியுமா என்று தேடுங்கள். வைட்லிஸ்ட் இங்கும் வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயர் தெரிந்த எவரும் வந்துவிடலாம்.

வாடகை

அண்ணனின் யோசனையை நான் கேலி செய்வதில்லை. வாடகை சர்வருக்குப் பொது முகவரி இருக்கும், இடி விழுந்தாலும் ஓடும், நடத்துபவர் தூங்கப் போனாலும் கிள்ளான் பிள்ளைகள் விளையாடலாம். பத்துப் பேருக்கு மேல் தினமும் வந்தால், அல்லது குடும்பத்தில் யாருக்கும் கணினியை ஓடவிட மனமில்லை என்றால், இதுதான் வழி. 4 ஜிபி நினைவகம் உள்ளதற்கு மாதம் சில பத்து வெள்ளி (ரிங்கிட்) ஆகும். மோடுகள் போடுபவர்கள் 6 அல்லது 8 ஜிபி பார்க்க வேண்டும்.

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஒளிக்குப் போய்வர 3 மில்லி செகண்ட். வழியில் உள்ள கருவிகள் சேர்ந்து அதைப் பெருக்கினாலும் விளையாடுபவருக்குத் தெரியாது. அமேசான் 2024 ஆகஸ்டில் மலேசியாவிலேயே தன் மேகத் (கிளவுட்) தளத்தைத் திறந்துவிட்டது. ஆனால் மேகத் தளத்தில் விளையாட்டுச் சர்வர் வைப்பது பழகாதவர்களுக்கு வேலை அதிகம், மாதக் கட்டணமும் பயன்பாட்டைப் பொறுத்து ஏறும். பிள்ளைகளுக்காக என்றால் மைன்கிராஃப்டுக்கென்றே வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றில் சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேலையைப் பாருங்கள். சில வெள்ளி மிச்சம் என்று அமெரிக்கச் சர்வரை எடுப்பவர்கள் பிறகு அதை லேக் என்று திட்டிக்கொண்டிருப்பார்கள்.

மலிவில் மயங்க இன்னொரு இடமும் உண்டு. சர்வர் வினாடிக்கு 20 முறை உலகத்தைக் கணக்கிட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 50 மில்லி செகண்ட். மெதுவான பிராசசரில் அது பின்தங்கினால் பதிவேட்டில் 'கான்ட் கீப் அப்' என்ற வரி வரும். அதைப் பார்த்தும் வீட்டு இணையத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. மைன்கிராஃப்டின் முக்கியக் கணக்கு பெரும்பாலும் ஒரே கோரில் ஓடுகிறது. அதனால் எத்தனை கோர் என்று விளம்பரத்தில் பார்ப்பதைவிட ஒரு கோரின் வேகம் என்ன என்று கேட்பது மேல்.

ரியல்ம்ஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மைன்கிராஃப்டே விற்கும் வாடகை, உரிமையாளரும் அவரைத் தவிரப் பத்துப் பேர் வரையும், எந்த அமைப்பும் தொட வேண்டாம். ஜாவா ரியல்ம்ஸில் மோடும் பிளகினும் போட முடியாது. பிள்ளைகள் மோடு கேட்காத வயதில் இருந்தால் பெற்றோருக்கு இதுவே நிம்மதி. கைப்பேசி, பிளேஸ்டேஷன், நிண்டெண்டோ வைத்திருப்பவர்கள் பெட்ராக் பதிப்பில் இருக்கிறார்கள். அதன் போர்ட் 19132, யுடிபி, அதற்கான ரியல்ம்ஸும் தனி. பெட்ராக்கில் இருப்பவர் ஜாவா சர்வருக்குள் நேரடியாக வர முடியாது. பிளேஸ்டேஷனில் தனி வலை நிரலை நிறுவவும் முடியாது. குடும்பத்தில் ஒரு பிள்ளையாவது கன்சோலில் விளையாடினால், எல்லோரும் பெட்ராக்குக்கு வந்து ரியல்ம்ஸ் எடுப்பதுதான் குறைந்த தலைவலி.

எங்கள் வீட்டில் இப்போது நிரந்தரக் கூட்டத்துக்கு டெயில்ஸ்கேல், விடுமுறையில் வெளி நண்பர்கள் வந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் டனல். எங்கள் ரவுட்டர் சிஜிநாட்டில் இருப்பதால் போர்ட் திறக்கும் பேச்சே எழுவதில்லை. கூட்டம் பெருகினால் அண்ணன் கார்டை நீட்டட்டும், தடுக்கப் போவதில்லை.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதலில் சர்வரில் 'ஸ்டாப்' அடித்து, அது முழுவதும் நிற்கும் வரை காத்திருந்து, 'வேர்ல்ட்' ஃபோல்டரை வேறோர் இடத்துக்கு நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலில் பாதி எழுதிய கோப்புகள் இருக்கும், புது இடத்தில் திறக்கும்போது சில பகுதிகள் வெறும் காடாகத் திரும்பி நிற்கும். வைட்லிஸ்ட் கோப்பு அந்த ஃபோல்டருக்கு வெளியே இருக்கிறது. அதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.